சீலிங்கில் 22 ஓட்டைகள்

எல்லாம் அந்த எல்.இ.டி. விளக்கு அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்திலேயே இருந்தது. கடுகளவு எழுத்தில், 'நான்-டிம்மபிள்' என்று, அதாவது வெளிச்சத்தைக் குறைக்க முடியாதது. பெட்டிகள் வந்து இறங்கிய அன்று பில்லில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். எண்ணிப் பார்த்தேன், 22 சரியாக இருந்தது. எதுவும் உடைந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒரு பெட்டியைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை 37,800 ரூபாய். அம்மா புதுக்கோட்டையில் சித்தி வீட்டில் 11 நாள் இருக்க வேண்டிவந்தது.

வீடு திருச்சி கே.கே. நகரில், 1996-இல் அப்பா கட்டியது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு ட்யூப் லைட்டைப் போட்டால் கண் கூசியது, அணைத்தால் கால் இடறியது. ராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்திருப்பார். அவருக்கு வேண்டியது கூட்டவும் குறைக்கவும் முடிகிற வெளிச்சம். "ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டாப் போதும், இவ ஆடம்பரம் பண்றா" என்று அண்ணன் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜீரோ வாட் வெளிச்சத்தில் பாத்ரூம் வாசற்படி தெரியாது, மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதும் தெரியாது. அம்மாவோடு ராத்திரி இருக்கிறவளுக்குத்தான் அது புரியும். டிம்மர் வைக்க முடிவு செய்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வாங்கிய விதம்தான் தப்பு.

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஃபால்ஸ் சீலிங் வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் என்னிடம் பேசியதைவிட அவரிடம் போனில் பேசியதே அதிகம். நான் எதைக் கேட்டாலும், "சார்கிட்ட சொல்லிட்டேன் மேடம்" என்பார். டிம்மர் விஷயத்தில் மட்டும் நேராகப் பதில் சொன்னார்: "அது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான் மேடம், எந்த லைட்டுக்கும் ஓடும்." அந்த வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். உங்கள் கான்ட்ராக்டரும் இதே வார்த்தையைச் சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

பைப், ஒயர், ஜிப்சம் ஃபிரேம் எல்லாம் எல்லாரும் ஓரளவு ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கேட்டு வாங்குங்கள். ஃபேன் காங்கிரீட் தளத்துக் கொக்கியில் தொங்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் அல்ல. சுவிட்ச் பாக்ஸ் வரைக்கும் ஒரு நியூட்ரல் ஒயரும் இழுத்துவைக்கச் சொல்லுங்கள். சில வகை டிம்மருக்கு அது வேண்டும். பெயின்ட் அடித்த சுவரில் மறுபடி காடி வெட்டுவது பெரிய கொடுமை.

பெயின்ட் காய்ந்த அன்று சாயங்காலம் அம்மாவை ஹாலில் உட்காரவைத்து டிம்மரைத் திருப்பினேன். பாதி வரைக்கும் வெளிச்சம் குறையவே இல்லை. இன்னும் திருப்பினால் ஹாலில் இருந்த 12 விளக்கும் மின்னத் தொடங்கின. சுவிட்ச் போர்டிலிருந்து வண்டு முரல்வதுபோல ஒரு சத்தம். இன்னும் குறைத்தால் நாலு விளக்கு அணைந்தது, மற்றவை துடித்தன. அம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார்.

வோல்டேஜ் சரியில்லை என்றார் கான்ட்ராக்டர். மீட்டர் வைத்துப் பார்த்தால் 228 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம், "டிம்மரைக் கழட்டிட்டு சாதா சுவிட்ச் போட்டுரலாம், நல்லா எரியும்" என்றார். நல்லா எரிவதற்காகவா இவ்வளவும் செய்தேன்?

காரணத்தைச் சொன்னது பக்கத்து வீட்டில் வேலைக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியன் பையன். ஏணியில் ஏறி, ஒரு விளக்கின் ஸ்பிரிங்கை மடக்கி வெளியே இழுத்து, வாலில் தொங்கிய டிரைவர் என்கிற பெட்டியைத் திருப்பிக் காட்டினான். "அக்கா, இது குறையாத லைட்டுக்கா."

அவன் சொன்னதையும் பிறகு நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் வீட்டுக் கரண்டில் நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 அரை அலை. டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிடுகிறது. பழைய குண்டு பல்பில் இழை சூடாகவே இருப்பதால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் குறையும். எல்.இ.டி. விளக்கில் நடுவில் டிரைவர் உட்கார்ந்திருக்கிறது. வருகிற மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் விளக்குக்கு ஒரே அளவு கொடுப்பதுதான் சாதாரண டிரைவரின் வேலை. டிம்மர் வெட்ட வெட்ட அது ஈடுகட்டிக்கொண்டே வரும். ஈடுகட்ட முடியாத இடத்தில் அணையும், உடனே மறுபடி எழும். நான் பார்த்த துடிப்பு அதுதான். டிம்மருக்கென்றே செய்த டிரைவர் அந்த வெட்டைப் புரிந்துகொண்டு வெளிச்சத்தைக் குறைக்கும். டிம்மரிலும் இரண்டு ஜாதி உண்டு. அலையின் முன்பக்கத்தை வெட்டுவது குண்டு பல்புக் காலத்தது. பின்பக்கத்தை வெட்டுவதுதான் எல்.இ.டி.க்குப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. எனக்குக் கொடுத்தது பழைய ஜாதி.

சரி, விளக்கை மாற்றினால் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். இழுத்தால் கையோடு வந்துவிடுகிறதே. ஆனால் கான்ட்ராக்டர் வாங்கிய விளக்குக்கு 5 அங்குல ஓட்டை வெட்டியிருந்தார்கள். கடை கடையாக ஏறி இறங்கியதில் எனக்குப் பிடித்த வெளிச்சத்தில் கிடைத்த குறைக்கிற விளக்குக்கு வேண்டியது 3 அங்குலம். சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம் ஒட்டி மறைக்கலாம் என்றார் கான்ட்ராக்டர். முடியாது என்றேன். 22 ஓட்டையையும் வட்ட வட்டமாக ஜிப்சம் வெட்டி அடைத்து, டேப் ஒட்டி, இரண்டு தடவை பட்டி பார்த்து, தேய்த்து, ஒட்டுப்போட்டது தெரியாமலிருக்க மூன்று அறைச் சீலிங்குக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்ததற்கு 18,000. விளக்கு ஒன்று 900 வீதம் 19,800. அந்தத் தூசியில் அம்மாவை எப்படி வைத்துக்கொள்வது? அதனால்தான் புதுக்கோட்டை.

ஆகவே, ஜிப்சத்தில் ரம்பம் படுவதற்கு முன்னால் விளக்கும் டிம்மரும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் வாங்கட்டும் என்று விடாதீர்கள். ஓர் அறைக்கு எத்தனை விளக்கோ அத்தனையையும் ஒரு பலகையில் வரிசையாகக் கட்டி, அந்த டிம்மரிலேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிம்மருக்குக் குறைந்தபட்ச லோடு என்று ஒன்று உண்டு, 7 வாட் விளக்கு ஒன்று அதை எட்டாமல் போகலாம். ராத்திரியில் பாருங்கள். அடிமட்டம் வரை குறைத்து, ஒரு தடவை அணைத்துப் போட்டு, அதே மட்டத்தில் எரிகிறதா என்று பாருங்கள். காதை டிம்மரிடம் வையுங்கள். செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டை ஓடலாம். அழுத்தமாக ஓடினால் அந்த ஜோடி வேண்டாம். "இதுக்கெல்லாம் நேரமில்ல மேடம்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். பிறகு 11 நாளுக்கு நேரம் எங்கிருந்து வந்தது?

சீலிங்கைப் பிரித்ததில் ஒரு நல்லதும் நடந்தது. ஹாலில் அழகாகச் சதுரம் போட்டு விளக்கு வைக்கிறேன் என்று கான்ட்ராக்டர் நாலை ஃபேனுக்கு இரண்டடிக்குள் வைத்திருந்தார். 48 அங்குல ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து இரண்டடி நீளும். ஃபேன் சுற்றினால் இறக்கை ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வெட்டும், சுவரெல்லாம் நிழல் ஓடும். அந்த நாலையும் மூன்றரை அடிக்குத் தள்ளினேன். அம்மா கட்டிலுக்கு நேர் மேலே இருந்த இரண்டையும் கால்மாட்டுக்கும் கதவோரத்துக்கும் மாற்றினேன். மல்லாந்து படுக்கிறவர் கண்ணில் நேராக விழும்படி விளக்கு வைக்கிற எவரும் அந்தக் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்ததில்லை.

நிறத்தையும் நீங்களே சொல்லி வாங்குங்கள். வாய் திறக்காவிட்டால் கடையில் 6500 கெல்வின் வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு 3000 போட்டிருக்கிறேன். மேலே மொட்டை மாடி இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசியில் தளம் காய்ந்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற இடைவெளி அடுப்பாகிவிடும், அங்கே கிடக்கிற டிரைவருக்குச் சூடுதான் எமன். அதனால் அதே மாடலில் மூன்று விளக்கு கூடுதலாக வாங்கிவைத்தேன். மாடல் எண்ணையும் ஓட்டை அளவையும் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். பழைய 22 விளக்கையும் கான்ட்ராக்டர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பில்லில் என் கையெழுத்து இருக்கிறதாம். சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன்.