சீனத்துக்கு ஒரு தமிழ் வழி: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: குருக்கள்மடத்தில் இருக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டுச் சீன மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கிடைக்கிற பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் சுமார்தான். “முதலில் 150 சொல்லைப் பாடமாக்கு, பண்பாடு எல்லாம் பிறகு” என்கிறார்கள். பாடமாக்கினால் அடுத்த கிழமை மறந்துபோகிறது. “வாவியில மீன் பிடிக்கிறவன்ட மகளுக்குச் சீனம் எதுக்கு?” என்று அப்பா கேட்கிறார். எதை முதலில் படிப்பது?

பதில்: மகள், அப்பாவின் மீனிலிருந்தே தொடங்குங்கள்.

சீனத்தில் மீனுக்கு ‘யூ’. ‘உ’ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொன்னால் அந்த ஒலி வரும். கேள்வி கேட்பதுபோல் குரல் மேலே ஏறவேண்டும். அதே ஒலிக்கு, அதே ஏற்றத்தோடு, ‘மிச்சம்’ என்றும் பொருள் உண்டு. எழுத்து மட்டும் வேறு. ஆகவேதான் சீனப் புதுவருடத்துக்கு முந்திய இரவுச் சாப்பாட்டில் முழு மீன் ஒன்று வைக்கப்படும். வருடா வருடம் மிச்சம் இருக்கட்டும் என்ற வாழ்த்து அந்தப் பீங்கானில் கிடக்கிறது. பல வீடுகளில் அதை ஒரேயடியாகத் தின்று முடிக்கமாட்டார்கள். கொஞ்சம் அடுத்த நாளுக்கு இருக்கும். கரையோர மீனவக் குடும்பங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. மேல்பக்கச் சதையைத் தின்றபின் மீனைப் புரட்டமாட்டார்கள். மீன் புரண்டால் தோணி புரளும் என்று பயம். நடு முள்ளைத் தூக்கிவிட்டு அடிப்பக்கத்தை எடுப்பார்கள். இதை அப்பாவிடம் சொல்லிப்பாருங்கள். இரவில் தோணி தள்ளிப் போகிறவருக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இப்போது ‘யூ’ என்ற சொல் உங்களுக்கு மறக்குமா? சொல் முதலில், பண்பாடு பிறகு என்று பிரித்ததுதான் உங்கள் மறதிக்குக் காரணம். சீனத்தில் அந்த இரண்டையும் பிரிக்க ஏலாது.

அடுத்தது ஆங்கிலம். அது சுமாராக இருப்பதற்காக வருந்தவேண்டாம். சீனத்துக்குள் நுழைய ஆங்கிலத்தைவிடத் தமிழ் கிட்டிய வழி என்பது, பல வருடம் படிப்பித்தபின் நான் உறுதியாக நம்புகிற ஒன்று. “நீ லாய் மா?” இது சீனம். பொருள், “நீ வாறியா?” ‘நீ’ இரண்டு மொழியிலும் ஒன்றாக ஒலிப்பது தற்செயல், அதை வைத்து உறவுக் கதை கட்டவேண்டாம். ஆனால் கடைசியில் நிற்கும் ‘மா’வைப் பாருங்கள். நாம் வினைக்குப் பின்னால் ‘ஆ’ ஒட்டுகிற அதே இடம். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் வாக்கியத்தின் தலையில் கேள்வியைத் தேடிப் பழகியவர். அவருக்கு இது தனிப் பாடம். உங்களுக்கு வீட்டுப் பேச்சு.

உறவுமுறையும் அப்படியே. ஆங்கிலத்தின் ‘பிரதர்’ மூத்தவரா இளையவரா என்று சொல்லாது. சீனத்தில் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அக்காவுக்கும் தங்கைக்கும் வேறு வேறு. அப்பாவின் அண்ணன், அப்பாவின் தம்பி, அம்மாவின் சகோதரன், இந்த மூவரும் ஆங்கிலத்தில் ஒரே ‘அங்கிள்’. சீனத்தில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நம்மைப் போலவே மூன்று. ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. அம்மாவின் சகோதரி பிள்ளைகள் நமக்கு உடன்பிறப்புகள். சீன வழக்கில் அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் மட்டும் ஒரு வகுப்பு. மாமா பிள்ளை, மாமி பிள்ளை, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் எல்லாரும் இன்னொரு வகுப்பு. கொப்பியில் உங்கள் குடும்ப மரத்தை வரைந்து ஒவ்வொருவருக்கும் சீனப் பெயர் எழுதிப் பாருங்கள்.

உச்சரிப்பு. 1958 இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் என்ற உரோம எழுத்து முறையை ஆங்கிலம்போல் வாசித்தால் கெட்டுப்போவீர்கள். ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தை அதில் கண்டால், ‘பல்’, ‘பாய்’ என்று சொல்லும் நம் சொல்முதல் பகரத்தைச் சொல்லுங்கள், சரியாக இருக்கும். பதினாறாம் எழுத்தைக் கண்டால் அதே பகரத்தை மூச்சைத் தள்ளிச் சொல்லவேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். முதலாவதில் அசையாது, இரண்டாவதில் துடிக்கும். மனிதனைக் குறிக்கும் சீனச் சொல்லின் முதல் ஒலியோ நம் ழகரத்துக்கு மிகக் கிட்ட நிற்கிறது.

நான்கு தொனிகளைக் கண்டு பயப்படுகிறார்கள். நீங்கள் ஒரு நாளில் ‘ம்’ என்று எத்தனை விதமாகச் சொல்கிறீர்கள்? யோசித்தபடி நீட்டிச் சமமாகச் சொல்லும் ‘ம்ம்ம்’ முதல் தொனி. அம்மா கூப்பிட்டது விளங்காமல் ‘ம்?’ என்று ஏற்றுவது இரண்டாவது. நம்பிக்கையில்லாமல் இறக்கி மறுபடி ஏற்றுவது மூன்றாவது. ‘ம்!’ என்று வெட்டி முடிப்பது நான்காவது. நாம் அதில் மனநிலையைச் சொல்கிறோம். சீனர் பொருளையே சொல்கிறார்கள். ‘மாய்’ மூன்றாம் தொனியில் வாங்குதல், நான்காம் தொனியில் விற்றல். சந்தையில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

எழுவான்கரையில் இருந்து எழுதுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சீனத்தில் ‘பொருள்’, ‘சாமான்’ என்பதற்குச் சொல் ‘தோங்ஷி’. பிரித்தால் கிழக்கு, மேற்கு. கிழக்கு என்ற எழுத்தின் பழைய வடிவத்தை மரத்தின் நடுவே சூரியன் என்றும், மேற்கை மாலையில் கூட்டில் அடையும் பறவை என்றும், கிட்டத்தட்ட 1,900 வருடத்துக்கு முந்திய சூ ஷென்னின் அகராதி விளக்கியது. இன்றைய ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தருகிறார்கள். ஆனால் எழுவானும் படுவானும் என்று சூரியனை வைத்தே வாவியின் இரண்டு கரைக்கும் பெயரிட்ட ஊரில் அந்தப் பழைய விளக்கம் மனதில் நிற்கும். எழுத்தை நினைவில் வைக்க அது போதும்.

களனிப் பல்கலைக்கழகத்தில் சீன மொழி படிப்பிக்கும் கன்பூசியஸ் நிறுவகம் உண்டு. மட்டக்களப்பிலிருந்து அது தூரம். ஆறு மாதம் வீட்டில் அடித்தளம் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பயணத்துக்குப் பலன் இருக்கும்.

கேள்வி: நான் கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்தக் காலத்தில் சீன வானொலித் தமிழ்ப் பிரிவைச் சிற்றலையில் கேட்டவன். ஆனாலும் நம் பிள்ளைகள் சீனப் பண்பாடு படித்தால் நம்முடையது தேயாதா?

பதில்: ஐயா, 1963 இல் தொடங்கிய அந்தத் தமிழ்ப் பிரிவில் சீனர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு நம்மோடு தமிழில் கதைத்தார்கள். அதனால் அவர்களுடைய சீனம் தேயவில்லை.

இந்தப் பழக்கம் அந்த வானொலிக்கும் முந்தியது. 1911 இல் காலியில், ஒரு மதகை மூடிக் கவிழ்ந்துகிடந்த கல் ஒன்றைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்று பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது. அதே செங் ஹ பிறகு இங்கே ஆட்சியிலிருந்த அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதும் வரலாறு. 1411 இல் நடந்தது. இரண்டையும் பிள்ளைகள் படிக்கவேண்டும். ஒரு பெரிய நாட்டோடு பழகுகிறவருக்கு அதன் மொழி தெரிந்திருப்பது காப்பு என்றே நினைக்கிறேன்.

நம்முடையது தேய்வதைவிடத் துலங்குவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். சீனத்தில் குலப்பெயர் என்பதற்கான எழுத்து, ‘பெண்’, ‘பிறப்பு’ என்ற இரண்டு உறுப்பால் ஆனது. மிகப் பழைய குலப்பெயர்கள் பலவற்றிலும் பெண் என்ற உறுப்பு இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் தாய்வழி மரபு இருந்ததற்கு இது அடையாளம் என்று கருதுகிறவர்கள் உண்டு. வரலாறு அறிந்த காலம் முழுக்கச் சீனக் குலம் தந்தைவழிதான். இதை வகுப்பில் சொன்னபோது, பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பி, “சேர், எங்கட குடி இப்பவும் அம்மா வழிதானே?” என்றான். குடியும், அதன் தாய்வழிக் கிளையான வயிற்றுவாரும் என்ன என்று அவன் தன் அம்மம்மாவிடம் விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: தூரிகையால் எழுதிப் பழகவேண்டுமா? போனில் தட்டினால் எழுத்து வருகிறதே?

பதில்: தட்டினால் வரும். கையில் நிற்காது. தூரிகை வாங்கக் காசில்லாவிட்டால் ஈர்க்கும் மணலும் போதும். நாம் அரிசியில் ‘அ’ எழுதித் தொடங்கியவர்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக்கோடு முதலில், நெடுங்கோடு பிறகு, இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். மீனின் பழைய எழுத்தை முதலில் எழுதுங்கள். தலையில் ஒரு கொக்கி. நடுவில் நான்கு அறைகள் கொண்ட பெட்டி, அது செதிள் உடம்பு. அடியில் நான்கு புள்ளி, அது வால். இப்போது சீனாவில் அந்த நான்கு புள்ளியை ஒரே கோடாக்கிவிட்டார்கள். வால் தெரிகிற பழைய மீனை எழுதி, குருக்கள்மடத்து மகளும் அப்பாவிடம் காட்டட்டும். இது என்னவென்று அவர் சொல்லிவிடுவார்.