மூடிய கையில் இருந்த வலிமை

இறைவன் மனிதனுக்கு அளித்த கருவிகளுள் தலைசிறந்தது கை. நம் குத்தாலத்துச் சுற்றுவட்டாரத்தில் நாற்றுப் பறிப்பதும், முடி கட்டுவதும், நடுவதும், கதிர் அறுப்பதும் கைதான். எழுதுவதும், சோறூட்டுவதும், கும்பிடுவதும் அதே கைதான். அந்தக் கையின் விரல்கள் மடங்கியபடியே நிமிராமற் போய்விட்டால், அந்த மனிதரின் வாழ்வு என்னாகும்?

தொழுநோயால் அப்படிக் கை முடங்கியோர் நம் நாட்டில் எண்ணற்றோர். மக்கள் அதைப் பெருவியாதி என்றார்கள், முன்வினை என்றார்கள். நோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்கினார்கள். உண்மையில் அது ஒரு நுண்கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதை 1873-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். ஆனால் முடங்கிய கையைச் சீராக்க முடியும் என்று அறிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு வழி திறந்தது ஒரு சந்திப்பு.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அங்கே மருத்துவத் தொண்டும் மறைப்பணியும் ஆற்றிய அவருடைய தந்தை 1929-இல் காய்ச்சலால் இறந்தார். மகன் இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார்.

1947-இல் அவர் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அதன் தலைவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்று காட்டினார். எங்கு நோக்கினும் பருந்தின் நகம்போல் வளைந்த விரல்கள்! இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். எலும்பு மருத்துவர் நீங்கள்தான், விடை சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான் என்ற பொருளில் காக்ரேன் பதிலளித்தார்.

அப்போது ஓர் இளைஞர் தரையில் அமர்ந்து, மடங்கிய விரல்களால் தம் செருப்பைக் கழற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பிராண்ட் அவரருகே சென்று, தம் கையை அவர் கைக்குள் வைத்து, முடிந்தமட்டும் அழுத்தச் சொன்னார். மறுகணமே வலி தாளாமல், விடும்படி கூவினார். இரும்புப்பிடி அது! கோபத்தோடு நிமிர்ந்தவர் அந்த இளைஞரின் முகத்தில் கண்டது சாந்தமான புன்னகை. தாம் வலி உண்டாக்கியது அந்த இளைஞருக்குத் தெரியவே இல்லை.

செத்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட கையில் இத்தனை வலிமையா! அந்த வியப்பே ஆராய்ச்சியாயிற்று. முழங்கையின் பின்புறம் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்கிறதல்லவா? அங்கே எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைத்தான் தொழுநோய் பெரிதும் தாக்குகிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் அதனால் செயலிழந்து, விரல்கள் மடங்குகின்றன. முன்கையிலுள்ள பெரிய தசைகளோ நலமாகவே இருக்கின்றன. விரலை மடக்கும் நாண்கள் விரலுக்கு இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்து வேறிடத்தில் பொருத்தி, விரலை நிமிர்த்தும் வேலையைச் செய்ய வைக்கலாம் என்று பிராண்ட் கண்டார். 1948 முதல் வேலூரில் இந்த அறுவை மருத்துவம் நடைபெற்றது.

நோய் விரல்களை அழுகச் செய்து உதிர்க்கிறது என்ற எண்ணமும் பின்னர் தகர்ந்தது. துருவேறிய பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்புவரை வெட்டுண்டு இரத்தம் சொட்டியது, அவனுக்கோ தெரியவில்லை! வலி உணர்வு இல்லாததால் ஏற்படும் காயங்களும் அவற்றில் சேரும் சீழுமே விரல்களை அழிக்கின்றன என்பது விளங்கிற்று. நாம் வேண்டாம் என்று அழும் வலிகூட இறைவன் நமக்கு வைத்த காவல்காரன்தான்.

ஆயினும் கை நிமிர்ந்ததும் வாழ்வு நிமிர்ந்துவிடவில்லை. சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, நிமிர்ந்த கைக்கு யாரும் பிச்சை போடவில்லை, பழைய தழும்பைக் கண்டு யாரும் வேலையும் தரவில்லை என்று முறையிட்டார். மருத்துவர் சரிசெய்ததை ஊரார் மனம் மறுத்தது. இதை உணர்ந்த பிராண்ட் வேலூரில் நவஜீவ நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிகள் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்று, தம் உழைப்பில் வாழப் பழகினர்.

நமக்கும் இது தொலைவிலுள்ள கதை அன்று. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் திரு இருதய மருத்துவமனை தொழுநோயாளருக்குத் தொண்டு செய்த வரலாறு உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இன்று ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோயைக் குணமாக்குகிறது. நம் அரசு மருத்துவ நிலையங்களில் அது இலவசம். உணர்ச்சியற்ற தேமல் கண்டவுடன் காட்டினால் ஊனத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கணவனோ மனைவியோ தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோர இடமளித்த சட்டப் பிரிவுகளும் 2019-இல் நீக்கப்பட்டன. ஆனால் அச்சத்தை நீக்கும் சட்டம் எதுவும் இல்லை. அது நம் உள்ளத்தில் நீங்க வேண்டும்.

அன்புத் தோழியரே! நம் ஆண்டவர் தொழுநோயாளியைக் குணமாக்குமுன் கை நீட்டித் தொட்டார் என்று நற்செய்தி கூறுகிறது. செங்கற்பட்டில் பிராண்ட் மருந்தும் கத்தியும் எடுக்குமுன் கையைத்தான் கொடுத்தார். ஊனமுற்ற ஒருவரைத் தொலைவில் நின்று பார்த்தால் அவருடைய குறை மட்டுமே தெரியும். கை கொடுத்தால்தான் அவருடைய வலிமை தெரியும். பேருந்தில் நம் அருகே அப்படி ஒருவர் வந்து அமர்ந்தால், விலகாமல் இடம் கொடுப்போம். நாமும் செய்யக்கூடிய மருத்துவத் தொண்டு அங்கேதான் தொடங்குகிறது.