0.35 பெரியதா, 0.4 பெரியதா?

தசம எண்களைக் கற்கத் தொடங்கியிருக்கும் தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். “0.35தான் பெரியது” என்று பதில் வந்தால் தலையில் குட்டிவிடாதீர்கள். முழு எண்களில் இலக்கங்கள் கூடினால் எண் பெரிதாகும் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? அதைக் குழந்தை புள்ளிக்கு அப்பாலும் கொண்டு செல்கிறது. நாமும் ‘புள்ளி முப்பத்தைந்து’ என்று படித்துக் குழப்பத்தைக் கூட்டுகிறோம். ‘பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து’ என்பதே சரி.

“0.4 பெரியது” என்ற சரியான விடை வந்தாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். “0.3, 0.45 இவற்றில் எது பெரியது?” என்று அடுத்துக் கேளுங்கள். 0.3 என்று பதில் வந்தால், ‘இலக்கம் குறைந்தால் எண் பெரிது’ என்ற வேறொரு தவறான விதி உள்ளே ஒளிந்திருக்கிறது!

இப்போது 222 என்ற எண்ணைப் பாருங்கள். முதல் 2-இன் மதிப்பு 200, அடுத்தது 20, கடைசி 2. வலப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் மதிப்பு பத்தில் ஒரு பங்காகிறது. ஒன்றுகளோடு ஏன் நிற்க வேண்டும்? மேலும் நகர்ந்தால் பத்தில் ஒன்றுகள். அதற்கடுத்து நூறில் ஒன்றுகள். ஒன்றுகளின் இடம் எங்கே முடிகிறது என்று காட்டுவதுதான் புள்ளியின் வேலை.

இதைக் குழந்தைக்குக் கண்ணால் காட்டலாம். கட்டம் போட்ட நோட்டில் பக்கத்துக்குப் பத்துக் கட்டங்களாக ஒரு சதுரம் வரையுங்கள். முழுச் சதுரம் 1. பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை 0.1. ஒரு சிறு கட்டம் 0.01. இனி 0.4-க்கு நான்கு பட்டைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இன்னொரு சதுரத்தில் 0.35-க்கு மூன்று பட்டைகள், ஐந்து கட்டங்கள். எண்ணிப் பார்த்தால் முதலில் 40 கட்டங்கள், அடுத்ததில் 35. விடையைக் குழந்தையே சொல்லிவிடும். 0.4-உம் 0.40-உம் ஒன்றே என்பதும் விளங்கும்.

ரூபாய், பைசாவை வைத்து விளக்கலாமே என்பீர்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. 3.5 ரூபாயைக் குழந்தை ‘3 ரூபாய் 5 பைசா’ என்று படித்துவிடும். மேலும், 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011-இல் செல்லாதவை ஆகிவிட்டன. பார்க்காத காசை எப்படி எண்ணுவது?

ஐரோப்பாவில் தசம எண்களைப் பரப்பியவர் சைமன் ஸ்டெவின். 1585-இல் நில அளவையாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பயன்படும்படி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் அதன் இடத்தை வட்டத்துக்குள் ஓர் எண்ணாகக் குறித்தார். ஒன்றுகளுக்கு 0, பத்தில் ஒன்றுகளுக்கு 1, நூறில் ஒன்றுகளுக்கு 2. நீங்களும் இலக்கங்களின் மேல் இடத்தின் பெயரை எழுதிப் பழக்கலாம்.

இது வெறும் மதிப்பெண் விஷயமன்று. 0.5 மில்லிலிட்டர் மருந்தை 5 மில்லிலிட்டர் என்று படித்தால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்!

செய்து பாருங்கள்: 0.6, 0.06, 0.605, 0.59 ஆகியவற்றைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். 0.605-ஐச் சதுரத்தில் எப்படிக் காட்டுவீர்கள்?

விடை: 0.06, 0.59, 0.6, 0.605. ஆறு பட்டைகளுடன் அரைக் கட்டம்.