பண்ணை வீட்டில் இரு காவல் நாய்கள்: சண்டையும் அதனை நீக்கும் முறைகளும்

தோட்ட வீட்டிலும் களத்துமேட்டிலும் காவலுக்கென ஒன்றுக்கு இரண்டாக நாய் வளர்ப்பது நம் குடியானவர்களின் வழக்கம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலிய நம் நாட்டு ஜாதிகள் காவலுக்கும் முற்காலத்தில் வேட்டைக்கும் உரியனவாக வளர்க்கப்பட்டவை. துணிவும் வேகமும் மிக்க இந்நாய்கள் ஒரே வீட்டில் பகை கொள்ளுமாயின் விளையும் தீங்கு சிறிதன்று. நாய்கள் காயமுறுவதோடு, விலக்கப் போனவரும் அருகில் நின்ற குழந்தைகளும் கடிபட நேர்கிறது. முடிவில் ஒரு நாய் ஊர்ப்புறத்தே துரத்தப்பட்டுத் தெருநாயாகி, ஊரார்க்கும் ஆடு கோழிகளுக்கும் தொல்லையாகிறது. ஆகவே இச்சண்டையின் காரணங்களையும் பரிகாரத்தையும் அறிந்திருத்தல் அவசியம்.

காரணங்கள்

சண்டைக்குப் பெரும்பாலும் காரணமாவன உணவு, படுக்குமிடம், வாசற்படி, எஜமானரின் கவனம் ஆகியவையே. ஒரே சட்டியில் இரண்டிற்கும் சோறிடுதல் பகையை வலிய வரவழைப்பதாகும். குட்டியாக வந்த நாய் ஒன்று முதல் மூன்று வயதிற்குள் முழு வளர்ச்சி அடையும்போது, அதுவரை அடங்கியிருந்தது எதிர்த்து நிற்கக் கூடும். ஆணும் பெண்ணுமாக வளர்ப்பதைவிட ஒரே பாலின நாய்களிடையே சண்டை மிகுதி. இரு பெட்டைகள் கொள்ளும் பகை பல வேளைகளில் கடுமையாயிருக்கும்.

நெடுநாள் நட்பாயிருந்தவை திடீரெனப் பொருதுமாயின், முதலில் நோயுண்டோ எனப் பார்த்தல் வேண்டும். காதுப்புண், பல்வலி, மூட்டுவலி உடைய நாய் மற்றது நெருங்குவதைப் பொறாது. வெள்ளை நிற இராஜபாளைய நாய்களுட் சில பிறவிச் செவிடாயிருப்பதுண்டு. அவை மற்றதன் உறுமலைக் கேளாமல் நெருங்கிக் கடிபடுதல் கூடும்.

முன்னறிகுறிகள்

சண்டை திடீரென மூள்வதாகத் தோன்றினும், அதற்குமுன் குறிகள் காணப்படும். உடல் விறைத்து அசையாது நிற்றல், கண் கொட்டாது நோக்குதல், வாலை உயர்த்தி விறைப்பாய் வைத்தல், பிடரி மயிர் சிலிர்த்தல், வழியை மறித்து நிற்றல் ஆகியவை அவை. இந்நிலையிலேயே ஒன்றை அமைதியாக வேறிடத்திற்கு அழைத்துச் செல்லல் வேண்டும். உறுமும் நாயை அடித்தல் தகாது. அடிபட்ட நாய் உறுமுவதை விட்டு, முன்னறிவிப்பின்றிக் கடிக்கப் பழகிவிடும். எஜமானர் ஒன்றைத் தலைமை நாயாக்கி மற்றதை அடக்க வேண்டும் என்னும் பழைய கொள்கையும் பயன் தருவதன்று.

அன்றாட முறைகள்

1. இரண்டிற்கும் தனித்தனிச் சட்டியில், ஒன்றையொன்று காணாதவாறு உணவிடுக. உண்டபின் சட்டிகளையும் எலும்புத் துண்டுகளையும் அகற்றிவிடுக.

2. படுக்குமிடம் வேறாக இருத்தல் வேண்டும். ஒன்றைக் கட்டி மற்றதை அவிழ்த்துவிடுதலும், இரு சங்கிலிகளும் ஒன்றையொன்று எட்டுமாறு கட்டுதலும் கூடாது.

3. பெட்டை நாய் ஏறக்குறைய ஆண்டிற்கு இருமுறை பருவத்திற்கு வரும். அந்நிலை சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அக்காலத்தும், குட்டி ஈன்று பாலூட்டும் காலத்தும் அதனைத் தனியறையில் வைத்தல் வேண்டும். இனப்பெருக்கம் வேண்டாதார் கால்நடை மருத்துவரைக் கொண்டு அறுவை செய்விக்கலாம். பெட்டையின் பொருட்டு ஆண் நாய்கள் இடும் சண்டை இதனால் பெரும்பாலும் குறையும். உணவு, இடம் பற்றிய சண்டைக்கு இது மட்டும் மருந்தாகாது.

4. புதிய நாயை நேரே வீட்டினுள் கொணராமல், இரண்டிற்கும் உரிமையற்ற பொதுவெளியில் முதலிற் சந்திக்கச் செய்க.

முன்னமே பகை கொண்டவற்றைச் சில நாள் முற்றிலும் பிரித்து வைத்தல் நலம். பின்னர் இருவர் ஆளுக்கொன்றாகக் கயிற்றில் பிடித்து, இருபது அடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்துக. இரண்டும் அமைதியாயிருப்பின் சிறிது தின்பண்டம் கொடுத்து, நாளடைவில் இடைவெளியைக் குறைக்கலாம். ஒன்று விறைத்து நோக்கினால் மீண்டும் விலகி நடக்க வேண்டும். அவசரம் காரியத்தைக் கெடுக்கும். இவ்வளவு செய்தும் கடும் காயம் உண்டாகுமாயின், ஒன்றைத் தக்க வேறொருவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

சண்டை மூண்டபோது

இடையிற் கையை நுழைத்தலும் கழுத்துப்பட்டையைப் பற்றுதலும் பேராபத்து. தடியால் அடித்தால் நாய் பிடியை இறுக்கும். குழந்தைகளை விலக்கிவிட்டு, குடம் நீரை முகத்தில் ஊற்றுக. அல்லது பலகையோ படலோ கொண்டு இடைமறிக்க. சாக்கினை மேலே எறிதலும் பயன் தரும். பிரிந்தவுடன் வெவ்வேறு அறைகளில் அடைத்திடுக.

மனிதரைக் கடித்தால்

காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் கழுவி, தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புதல் கூடாது. வெறிநோய் கண்டபின் பிழைப்பது மிக அரிது. உரிய காலத்தில் தடுப்பூசி போட்டால் அதனைத் தடுக்கலாம். கடித்த நாயைப் பத்து நாள் கவனித்தல் வேண்டுமாயினும், ஊசியை அதுவரை ஒத்திவைத்தல் தகாது. குணம் மாறி, எச்சில் வடித்து, விழுங்க இயலாது தவிக்கும் நாயைத் தொடாது கால்நடை மருந்தகத்திற்கு அறிவிக்க. நாய்களுக்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் குறிக்கும் காலங்களில் தவறாது போட்டுவருக.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, நாயை மிகக் குறுகிய அல்லது மிகப் பாரமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைத்தலும், எப்போதும் கட்டப்பட்டிருக்கும் நாய்க்கு நடமாட்டம் கொடாதிருத்தலும், பசியால் வருந்துமாறு கைவிடுதலும், வேடிக்கைக்காக விலங்குகளை மோதவிடுதலும் குற்றமாகும். இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் நலம்.

இரண்டு நாய் வளர்ப்போர் இரண்டு சட்டியும், இரண்டு இடமும், இரண்டிற்கும் போதிய கவனமும் அளிப்பாராயின், பண்ணைக்கு இரட்டைக் காவல் கிடைக்கும், வீட்டிலுள்ளோர்க்கும் அச்சமிராது.