சிறிய கோள், பெரிய கணக்கு

மலை மைனாவுக்கு மலாய் மொழியில் 'தியோங்' என்று பெயர். நம் நாட்டின் முதல் சிறு துணைக்கோளுக்கும் அப்பெயரையே சூட்டினர். இங்கிலாந்தின் சரே வல்லுநருடன் நம்மவர் சேர்ந்து உருவாக்கிய தியோங்சாட்-1, 2000 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள் பைக்கனூரிலிருந்து விண்ணேறியது. அதன் எடை ஏறத்தாழ 50 கிலோ. ஒரு சிமெந்து மூட்டையின் எடைதான்.

அந்த ஒரு மூட்டைக்குள் புகைப்படக் கருவி, வானொலி, கணிப்பொறி, மின்கலம் அனைத்தும் அடங்கவேண்டும். பெரிய புகைப்படக் கருவி வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் எனக் கொள்வோம். அதற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். மின்சாரம் வேண்டுமெனில் சூரியத் தகடு பெரிதாகவேண்டும், மின்கலமும் கனக்கும். எடை ஏறிவிடும். ஆகவே வேறொருவர் தம் பங்கிலிருந்து எடையைக் குறைத்தே தீரவேண்டும். இவ்வாறு எல்லா உறுப்புகளையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் கலையையே அமைப்புப் பொறியியல் என்பர்.

இது நமக்குப் புதியதன்று. தோட்டத்தில் பால் வெட்டுபவர் எத்துணைத் திறமையாக வெட்டினாலும், பாலை ஏற்றிச்செல்லும் வண்டி தாமதித்தால் பால் உறைந்துவிடும் அல்லவா?

அடுத்து ராசாக்சாட்டைக் காண்போம். 180 கிலோ எடையுள்ள இது, 2009 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் குவாஜலின் பவளத்தீவிலிருந்து ஏவப்பட்டது. நம் நாட்டு வானில் மேகம் மிகுதி. நாளுக்கு ஓரிரு முறை மட்டும் கடந்துசெல்லும் கோள் பெரும்பாலும் மேகத்தையே படம் பிடிக்கும். ஆதலின் ராசாக்சாட்டை நிலநடுக்கோட்டை ஒட்டியே, 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றச் செய்தனர். சுமார் 100 நிமிடங்களுக்கு ஒருமுறை அது உலகை வலம் வந்தது. நல்ல முடிவுதான், ஆயினும் அதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் அது பூமியின் நிழலில் இருந்தாக வேண்டும். அப்பொழுது மின்கலமே துணை. வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்கும்.

மூன்றாண்டுகள் உழைக்கவேண்டிய அக்கோளின் பணி ஓராண்டு அளவிலேயே ஓய்ந்தது. அங்கே ஏறிச்சென்று பழுது பார்ப்பார் எவர்? அதனாலன்றோ உறுப்புகளைத் தனித்தனியே சோதித்த பின்னரும், முழுக்கோளையும் குலுக்கிப் பார்க்கின்றனர். காற்றில்லா அறையிலிட்டுச் சூடேற்றியும் குளிர்வித்தும் பார்க்கின்றனர்.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து ஆசிரியரும் மாணவரும் உருவாக்கிய 40 கிலோ அனுசாட்டும் இத்தகைய சோதனைகளைத் தாண்டியே, அதே 2009 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது.