மாளிகைக்குள் காய்ச்சல் வரும் வழி: எழுத வரும் இளையவர்களுக்கு

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளை வைத்துக் கதையோ வரலாறோ எழுத வருகிறவர்கள் விருந்துக்கூடத்தை நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். நோய் என்று வந்தால் ஓர் இருமல், ஒரு மரணம், அத்தோடு சரி. தொற்றைத் தடுக்க அந்த வீடுகள் பட்ட பாடு பெரிது. அதை எழுத உங்களுக்குச் சில யோசனைகள்.

1. நோய்க்குப் பெயர் வையுங்கள். வெறும் ‘காய்ச்சல்’ போதாது. செங்காய்ச்சல் தொற்றிய சில நாளிலேயே தெரியும். பெரியம்மைக்குச் சுமார் 12 நாள் ஆகும். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை பதுங்கியிருக்கும். விருந்தாளி எப்போது வந்தார், யார் எப்போது படுத்தார் என்ற கணக்கு இடித்தால் கதையே நிற்காது.

2. ஆண்டைப் பார்த்துப் பேச வையுங்கள். 1850களில் பெரும்பாலோர் துர்நாற்றமே நோய் தரும் என்று நம்பினார்கள். காலரா தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ 1854இல் லண்டனில் காட்டியும் பலர் ஏற்கவில்லை. டைபாய்டு நோயாளியின் கழிவு வழியாகப் பரவுகிறது என்று வாதாடிய வில்லியம் பட்டின் நூல் 1873இல்தான் வந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல். ஆகவே 1860இல் ஒரு பட்லர் கிருமியைப் பற்றிப் பேசக் கூடாது. நாற்றத்துக்குப் பயந்து அவர் சாக்கடையைச் சுத்தம் செய்யச் சொல்லலாம். காரணம் தப்பானாலும் காரியம் சரி.

3. சாக்கடையை மறக்காதீர்கள். 1871இல் ஸ்கார்பரோவில் ஒரு பிரபுவின் வீட்டில் தங்கிப் போன வேல்ஸ் இளவரசருக்கு டைபாய்டு கண்டது. உடன் தங்கிய செஸ்டர்ஃபீல்ட் பிரபு இறந்தார். இளவரசரின் குதிரைக்காரர் பிளெக்கும் இறந்தார். தம் நாட்டுப்புற மாளிகையான சாண்ட்ரிங்ஹாமில் சாவின் விளிம்புவரை போய் இளவரசர் பிழைத்தார். பழி அந்த வீட்டின் கழிவுக் குழாய்கள்மீது விழுந்தது.

4. நோயறையைக் கிட்ட நின்று காட்டுங்கள். மேல்மாடியில் ஒதுக்குப்புறமான அறை. கம்பளமும் திரைச்சீலையும் முன்பே அகற்றப்பட்டிருக்கும். வாசலில் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணி தொங்கும். சாப்பாட்டுத் தட்டை வெளியே வைத்துவிட்டுப் பணிப்பெண் விலகிய பிறகுதான் தாதி கதவைத் திறப்பாள். அழுக்குத் துணி கிருமிநாசினித் தண்ணீரில் ஊறாமல் கீழே இறங்காது. செங்காய்ச்சல் என்றால் தோல் உரிந்து முடியும்வரை, வாரக்கணக்கில், இந்தக் காவல் நீளும். முடிந்ததும் அறையை அடைத்துக் கந்தகம் எரிப்பார்கள்.

5. பாலையும் பின்தொடருங்கள். பென்ரித் ஊர் மருத்துவர் மைக்கேல் டெய்லர், பால் வழியாக டைபாய்டு பரவியதை 1858இலேயே எழுதினார். பால் கறப்பவளின் குடிசையில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் பிரபுவின் குழந்தைக்கும் அது ஆபத்து.

6. அந்தஸ்தைக் கவசமாக எழுதாதீர்கள். 1856இல் கார்லைல் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர் ஆர்ச்சிபால்ட் டெய்ட். பிற்பாடு கான்டர்பரி பேராயரானார். அவ்வாண்டு சில வாரங்களுக்குள் ஐந்து பெண் குழந்தைகளைச் செங்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். 1892இல் அரியணை வரிசையில் இரண்டாவதாக நின்ற ஆல்பர்ட் விக்டரை, சாண்ட்ரிங்ஹாமிலேயே, இன்ஃப்ளுயென்சாவும் நிமோனியாவும் கொண்டுபோயின. செங்காய்ச்சலைக் குணமாக்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை. ஒதுக்கி வைப்பதும் நல்ல பராமரிப்பும்தான் கையிலிருந்தவை.

7. வேலைக்காரர்களைப் பெயரோடு எழுதுங்கள். நோயாளியின் சட்டியைச் சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், இரவில் விழித்தவர்கள் அவர்கள். காய்ச்சலோடு ஒரு பெண்ணை வண்டியேற்றி வீட்டுக்கு அனுப்பினால் மாளிகை தப்பலாம், அவள் கிராமம் தப்பாது. தொற்றுநோயை அதிகாரிக்குத் தெரிவிக்கும் சட்டம் 1889இல் வந்தது, 1899இல்தான் நாடு முழுதும் கட்டாயமானது. அதுவரை அவள் கதி பெரும்பாலும் எஜமானியின் மனசாட்சியைப் பொறுத்தது. உங்கள் கதையின் அறச்சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

8. எழுத உட்காருமுன் வீட்டின் வரைபடம் ஒன்று போடுங்கள். கிணறு, கழிவுக்குழி, பால் அறை, சலவைக்கூடம், பின்படிக்கட்டு எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு நாளில் யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று கோடு போடுங்கள். கோடுகள் கூடும் இடத்தில் நோயை வையுங்கள். யாருடைய உழைப்பில் அந்த வீடு உயிரோடு இருந்தது என்பதும் அதே கோடுகளில் தெரியும். அவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு மாளிகையை எழுதாதீர்கள்.