கலமேறிக் கற்கும் தமிழ்



மைசூருக்கும் கடலுக்கும் என்ன உறவு? சாமுண்டி மலையின் உச்சியில் ஏறி நின்றாலும் அலையொன்றும் கண்ணிற் படாது. அங்ஙனமிருக்க, மானசகங்கோத்திரியில் அறிவியல் பயிலும் ஒருவன் பாய்மரக் கப்பலின் சொற்களைப் பாடமாக எழுத வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி முறையானதே.

நான் சேலம் மாவட்டத்திலிருந்து இங்கே படிக்க வந்தவன். வெளியூரில் வாழும் தமிழரின் தமிழுக்கு நேரும் ஒரு நோயை இங்கு வந்தபின் கண்டேன். உண்ணவும், நலம் கேட்கவும், சண்டையிடவும் நமக்குத் தமிழ் போதுமானதாய் இருக்கிறது. ஒரு கருவியையோ தொழிலையோ பற்றிப் பேச்செடுத்தால் நா தானாகவே வேற்றுமொழிக்குத் தாவுகிறது. இப்படியே விட்டால் நம் மொழி அடுக்களையோடு நின்றுவிடும். தொழிற்சொற்களைக் கற்பதே இந்நோய்க்கு மருந்து. அவற்றைக் கற்கக் கப்பலைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?

நம்மில் பலர் கடற்கொள்ளையரை ஆங்கிலக் கதைகளிலும் திரைப்படங்களிலும் கண்டு மகிழ்ந்தவர்கள். அக்கப்பல்களின் உறுப்புகளுக்கு ஆங்கிலப் பெயரும் அறிந்தவர்கள். ஆனால் அந்தக் கொள்ளையர் கூட்டத்திலேயே ஒருவன் நம் கடற்சொல்லைக் கற்றுச் சென்றான் என்பது பலருக்கும் தெரியாது. அவன் பெயர் வில்லியம் டாம்பியர். கொள்ளையரோடு கடலோடிய அவ்வாங்கிலேயன், உலகைச் சுற்றி வந்த தன் பயணத்தை 1697-இல் நூலாக வெளியிட்டான். சோழமண்டலக் கரையினர் மரங்களைக் கட்டிச் செலுத்தும் மிதவையை அந்நூலில் கூறி, அதன் பெயரையும் எழுதிவைத்தான். அதுதான் கட்டுமரம். இன்று இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகுகளை மேனாட்டார் 'கேட்டமரான்' என்கிறார்கள். உருவம் மாறிப்போயிற்று, பெயர் மட்டும் நம்முடையதாகவே நிற்கிறது. கொள்ளையன் கற்ற சொல்லை உரியவர் கற்கலாகாதா?

பாடத்தை மைசூர்த் தெருவிலிருந்தே தொடங்குவோம். தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும் என்பதை நீங்கள் நாள்தோறும் கேட்கிறீர்கள். பால் என்பது ஹாலு. பத்து என்பது ஹத்து. அவ்வாறே கப்பலின் பாய் அங்கே ஹாயி ஆயிற்று. நம் படகு அவர்களுக்கு ஹடகு. நாம் சிறுகலத்துக்கு இட்ட பெயர் அங்கே பெருங்கப்பலைக் குறிக்கிறது. தோணி இரு மொழியிலும் தோணியே. கன்னட நாளிதழ்களில் ஒருவர் ஆட்சியின் 'சுக்காணி' பிடித்தார் என்று படிக்கிறோமே, அது நம் சுக்கான்தான். கடலற்ற ஊர் என்று சொன்னோம். ஆனால் கடலின் சொற்கள் இவ்வூர்ச் செய்தித்தாளில் நாள்தோறும் வந்து போகின்றன.

இனிக் கலங்களின் பெயர்கள். கலம் என்பது பொதுச்சொல். நாவாயும் வங்கமும் பெரியவை. திமில் மீன்பிடிக்கச் செல்வது. அம்பியும் ஓடமும் ஆறும் கழியும் கடப்பவை. பஃறி என்பது கழியிற் செல்லும் சரக்குப் படகு. உப்பு விற்று நெல் கொண்டுவந்த பஃறிகள் குதிரைகளைப்போல் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிற்காலத்துக் கரையில் வள்ளம், வத்தை, தோணி ஆகியவை நின்றன. கப்பல் என்ற சொல்லோ கடல் கடந்து மலாய் மொழியில் 'கப்பல்' என்றே வாழ்கிறது.

அடுத்து உறுப்புகள். கலத்தின் முன்புறம் அணியம். அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டை ஏரா. நடுவே நிற்பது பாய்மரம். சங்கத்தார் அதனைக் கூம்பு என்றனர். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். திசை திருப்புவது சுக்கான். நிறுத்துவது நங்கூரம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றின் 30-ஆம் பாட்டில், கூம்பையும் மீப்பாயையும் களையாமல், மேலேற்றிய சரக்கையும் இறக்காமல் புகாருக்குள் புகுந்த பெருங்கலத்தைக் குறிக்கிறார். சொற்பொருள் அறியாதவனுக்கு அது வெறும் வருணனை. அறிந்தவனுக்கோ அது ஓர் அளவை: நிறைபாரத்தோடு பெருங்கலம் நுழையுமளவுக்கு அத்துறை ஆழமாயிருந்தது என்பது அதனால் விளங்கும்.

ஏரா எதற்கு என்று அறிவியல் மாணவர் கேட்பர். நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரக் கலமும் செல்லாது, சாய்வாகச் செல்லும். பாயின்மேல் எழும் விசையின் ஒரு கூறு கலத்தை முன்னே தள்ளும். மற்றொரு கூறு பக்கவாட்டில் தள்ளும். பக்கத் தள்ளலை ஏராவும் நீருள் அமிழ்ந்த உடலும் எதிர்த்து நிற்கும். எஞ்சுவது முன்னோக்கிய செலவு. ஆய்வுக்கூடத்தில் விசைகளைக் கூறுபடுத்தப் படிக்கிறோமே, அப்பாடத்தைக் கடலோடிகள் கையாலும் கயிற்றாலும் படித்திருந்தனர்.

கலத்தைச் செலுத்துவோர் யார்? பழைய பெயர் மீகாமன். பிற்காலத்தில் தோணியின் தலைவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்றும், ஈழத்தின் வடகரையில் தண்டையல் என்றும் அழைத்தனர். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்மரக் கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தமிழ்க் கடலோடிகள் அதைச் செலுத்திச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். அவர்கள் அட்லாண்டிக் கடலை நம் சொற்களைச் சொல்லியே கடந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். மாலுமி, சுக்கான் என்பன அரபுவழி வந்தவை. நங்கூரம் பாரசீகவழி வந்தது. இவற்றைக் களைந்துவிட வேண்டும் என்பார் உளர். எனக்கு அது உடன்பாடன்று. அவை நம் துறைமுகங்களுக்கு யார் யார் வந்தார்கள் என்பதைக் காட்டும் வரவேடு. கட்டுமரமும் கப்பலும் நாம் கொடுத்ததைக் காட்டும் செலவேடு. இரண்டு ஏடும் நமக்கு வேண்டும்.

காற்றுக்கும் தனிப்பெயர்கள் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். இவை ஏட்டில் நாம் படித்தவை. கடற்கரையில் மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும் கூறுவர். கடலின் நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர்.

இனிக் கொள்ளையர். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமரான பிளினி, முசிறிக்குச் செல்லும் வழியில் கடற்கொள்ளையர் தொல்லை இருந்ததென்றும், அதனால் கலங்களில் வில்வீரரை ஏற்றிச் சென்றனர் என்றும் எழுதினார். சேரன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து சென்று பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டியதைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. அப்பகைவர் கடற்கொள்ளையரே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். ஆனால் 'கொள்ளையன்' என்ற சொல்லை மட்டும் நிறுத்தி அளந்து வழங்கவேண்டும். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்களைப் போர்த்துக்கீசியர் கொள்ளையர் என்றே எழுதினர். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவில் கொன்றனர். மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயை ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தனர். இன்று இந்தியக் கடற்படையின் மும்பைத் தளம் ஒன்று ஆங்கரேயின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒருவன் கொள்ளையனா காவலனா என்பது ஏட்டை எழுதியவன் எக்கப்பலில் இருந்தான் என்பதைப் பொறுத்தது. சொல்லைப் பிறரிடமே விட்டுவைத்தால் தீர்ப்பும் பிறருடையதே ஆகும்.

கற்ற சொற்களைக் கொண்டு இப்போது ஒரு தோணியைச் செலுத்திப் பார்ப்போம். தண்டல் வானத்தைப் பார்க்கிறார். கச்சான் ஓய்ந்து சோழகம் எழுகிறது. நங்கூரத்தைத் தூக்குகின்றனர். பருமல் மேலேற, பாய் விரிகிறது. ஒருவர் தாமானை இழுத்துக் கட்டுகிறார். மற்றொருவர் சுக்கான் பிடிக்கிறார். அணியம் வடக்கே திரும்புகிறது. நீவாடும் துணைசெய்ய, தரைதட்டாமல் தோணி ஆழத்தை நாடிச் செல்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லும் இன்றிக் கரையை விட்டுவிட்டோம், பார்த்தீர்களா?

இச்சொற்கள் இன்னும் எத்தனை நாள் வாழும்? தோணிகளிலும் வள்ளங்களிலும் எஞ்சின் ஏறிவிட்டது. பாய் பிடித்த கைகள் முதுமையுற்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. கப்பற் சொற்கள் பலவற்றை அது காத்து வைத்திருக்கிறது. ஆனால் ஓர் அகராதி 'ஒரு கயிறு' என்றுதான் சொல்லும். எந்தக் கயிறு, எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்பதை அதை இழுத்த கைதான் சொல்லும். அக்கை மறைந்தால் சொல் எஞ்சும், பொருள் போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் நாகையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்த தோழர்கள் இருக்கலாம். வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது கரையிலுள்ள பெரியவரிடம் பத்துச் சொற்களைக் கேட்டு வாருங்கள். சொல்லை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள், பொருளைப் படமாக வரையுங்கள். உள்நாட்டுத் தோழர்கள் தறிக்கும் ஏருக்கும் செக்குக்கும் அவ்வாறே செய்யலாம். இந்திய மொழிகளுக்கென 1969-இல் நிறுவப்பட்ட நடுவண் நிறுவனம் நம் வளாகத்தின் அருகிலேயே உள்ளது. நாம் கொணர்வதை ஒழுங்குபடுத்தும் முறையை அங்குள்ள அறிஞரிடம் கேட்டறியலாம். நான் என் பங்குக்குச் சேலத்துத் தறிச் சொற்களோடு திரும்பி வருவேன். நீங்கள் எதைக் கொண்டுவரப் போகிறீர்கள்?